‘சோசியுஸ்’ வெறும் துணையன்று

இலத்தீனில் ‘சோசியுஸ்’ என்றொரு பெயரடை உண்டு. பெண்பாலில் அது ‘சோசியா’. இதற்குத் ‘துணை’ என்றோ ‘தோழமையுள்ள’ என்றோ பொருள் எழுதி நிறைவுகொள்ளும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. நண்பனைக் குறிக்க அம்மொழியில் ‘அமீக்குஸ்’ உண்டு. உடன் செல்பவனுக்குக் ‘கோமெஸ்’ உண்டு. சோசியுஸ் என்பவனோ பங்குள்ளவன். பின்தொடர்தலைக் குறிக்கும் ‘செக்குவோர்’ என்ற வினையோடு இச்சொல்லுக்கு வேர் உறவு உண்டென்பர் மொழிநூலார். எனினும் வழக்கில் அது பின்னால் நடப்பவனை விட்டு, அருகில் நின்று பங்கு கேட்பவனிடம் வந்து சேர்ந்துவிட்டது.

உரோமைச் சட்டத்தைப் பாருங்கள். கூட்டு வணிகத்திற்குச் ‘சோசியெத்தாஸ்’ என்று பெயர். கூட்டாளியை வஞ்சித்தவன்மீது தொடுக்கும் வழக்கிற்கும் இச்சொல்லே பெயர் தந்தது. அதில் தோற்றவன் பொருளோடு நன்மதிப்பையும் இழந்தான். இலாபமெல்லாம் ஒருவனுக்கு, நட்டம் மட்டும் மற்றவனுக்கு என்ற ஒப்பந்தத்தைச் ‘சிங்கக் கூட்டு’ என்று இகழ்ந்து, செல்லாதென ஒதுக்கினர் அந்நாட்டுச் சட்ட அறிஞர்.

அந்த உரோமையே இத்தாலிய நகரங்களைச் ‘சோசியி’ என்றழைத்துச் சிங்கக் கூட்டு நடத்தியது! உரோமைக் காலாட்படைக்கு நிகரான காலாட்படையையும், அதன் குதிரைப்படையைப்போல் மும்மடங்கையும் அவர்கள் தந்ததாகப் பொலிபியுஸ் எழுதுகிறார். குடியுரிமையோ, வாக்கோ அவர்களுக்கு இல்லை. கி.மு. 91இல் அவர்கள் வாளெடுத்தனர். உரோமை ஓநாயைக் குத்திக் கிழிக்கும் காளையைத் தம் நாணயத்தில் பொறித்தனர். மறு ஆண்டே உரோமை குடியுரிமைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. பெயரில் இருந்த பங்கைக் குருதி சிந்திப் பெற வேண்டியிருந்தது.

தூய எரோணிமுஸ் இச்சொல்லின் எடையை அறிந்தவர். கெனசரேத்து ஏரியில் சீமோனோடு தொழில் செய்த யாக்கோபும் யோவானும் அவரது வுல்காத்தாவில் ‘சோசியி’. அன்று நிரம்பியது சீமோனின் படகு மட்டுமன்று, இரண்டு படகுகளும். ஏதேனில் ஆதாம் ஏவாளைச் சுட்டும் இடத்தில் அவர் இட்ட சொல் ‘சோசியா’. பழியைத் தள்ளிவிடும் நேரத்திலும் ஆதாமின் வாயில் அச்சொல்தான் வருகிறது! பன்னிரண்டாம் நூற்றாண்டில் பேதுரு லொம்பார்து, பெண் தலைவியுமல்லள், அடிமையுமல்லள் என்று விளக்கித் தேர்ந்துகொண்டதும் இதையே. திருமணத் திருப்பலியில் ‘துணை’ என்பதை ஏவலுக்கு நிற்பவள் என்று விரித்துரைப்போர் இதைச் சற்றே எண்ணட்டும்.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாமோ நம் ஆலயச் சமூகத்தைப் ‘பங்கு’ என்றே அழைக்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் உண்டு? ஆனால் திருவிழாவுக்கு வரி, கட்டடத்திற்கு நன்கொடை, பந்தலுக்கு ஆள் என்றால் மட்டும் நாம் பங்கு மக்கள். கணக்கென்று வாய் திறந்தால் கலகக்காரர். நம்பிக்கையாளர் தரும் காணிக்கைகளுக்கு, தனிச்சட்டம் வகுக்கும் முறைப்படி அவர்களிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமென்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1287ஆம் எண்ணில் கூறுகிறது. கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. இவ்வாண்டுத் திருவிழாக் கொடி இறங்கிய அடுத்த ஞாயிறன்று, வரவு செலவு ஆலயத்தில் வாசிக்கப்படட்டும்.