சிலந்திக் குகை கலைத்த பழைய தீர்ப்பு

சீன ஊமைப்பட வரலாற்றில் டான் துயூ என்ற இயக்குநருக்கு வெகுகாலம் கிடைத்த பெயர், அழகிகளைக் காட்டிக் காசு பார்த்தவர் என்பதுதான். 1963-இல் செங் ஜிஹுவா குழுவினர் இடதுசாரிப் பார்வையில் எழுதிய சீனத் திரைப்பட வரலாறு, 1920-களின் வணிகப் படங்களை மட்டம் தட்டியது. அந்தக் காலப் படங்களில் பெரும்பகுதி அழிந்துபோனதால், பின்னால் வந்தவர்களுக்குச் சரிபார்க்கவும் வழியில்லை. அப்படித் தொலைந்துபோனதாக நினைத்திருந்த படங்களில் ஒன்று, டான் துயூ 1927-இல் ஷாங்காயில் எடுத்த 'பான் ஸி துங்', அதாவது 'சிலந்தி வலைக் குகை'. 1929-இல் ஓஸ்லோவில் ஓடிய அதன் பிரதி நார்வே தேசிய நூலகக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டது. செப்பனிட்ட பின், 2014-இல் ஒரு நகல் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கதை 'மேற்குப் பயணம்' என்ற பழைய சீன நாவலில் வரும் ஒரு கிளைக்கதை. காஞ்சிபுரம்வரை வந்த யுவான் சுவாங்தான் அதில் வரும் துறவி. பெண்ணுருவில் திரியும் சிலந்திகளிடம் அவர் சிக்குகிறார். நாவலில் அந்தச் சிலந்திகள் அவரைத் தின்னத் துடிக்கின்றன. படத்திலோ சிலந்தி ராணி மணமுடிக்கப் பார்க்கிறாள். இந்த ஒரு மாற்றத்திலேயே இயக்குநரின் மூளை தெரிகிறது. துறவியை மீட்க வரும் குரங்குச் சீடனின் சாகசம் இரண்டாம் இடத்துக்குப் போய், ஆசைப்படும் அரக்கி கதையின் நடுவே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளாக நடித்தவர் டான் துயூவின் மனைவி யின் மிங்ஜூ. மேல்நாட்டு மோஸ்தரில் உடுத்தி 'மிஸ் எஃப்.எஃப்.' என்று ஊரில் பேர் வாங்கியவர். பழங்கதை அரக்கிக்கு ஷாங்காயின் நவநாகரிகப் பெண்ணையே தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. டான் துயூ அடிப்படையில் ஓவியர். நாகரிகப் பெண்களை வரைந்து புகழ்பெற்று, கேமராவைத் தானே கற்றுக்கொண்டு, 1921-இல் 'ஹாய் ஷி' என்ற முழுநீளப் படத்தை எடுத்தவர். வரைந்த பெண்களையே திரையில் அசையவிட்டார் என்பது குற்றச்சாட்டானால், அதைப் பாராட்டாகவும் கொள்ளலாம்.

குளியல் காட்சி ஆபாசம் என்பார்கள். சிலந்திப் பெண்கள் குளிப்பதும், பன்றி முகச் சீடன் தண்ணீருக்குள் புகுந்து அவர்களைச் சீண்டுவதும் 16-ஆம் நூற்றாண்டு நாவலிலேயே உண்டு. கூட்டம் சேர்க்கத்தான் இந்தக் காட்சியை அவர் விடாமல் எடுத்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. கூட்டம் வந்ததாலேயே கலை போய்விட்டது என்று ஆகாது. மூடநம்பிக்கை என்ற புகார் இன்னும் பலமானது. சீர்திருத்தம் பேசிய அறிவாளிகள் பேய், பூதப் படங்களைத் திட்டித் தீர்த்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் தேசியவாத அரசின் தணிக்கை அவற்றை முடக்கவே செய்தது. ஆனால் இந்தப் படத்தின் அரக்கி யாரையும் கோயிலுக்கு விரட்டவில்லை. அவள் வேடிக்கைக்கும் மோகத்துக்கும் உரியவள். கிடைத்த பிரதி முழுமையானதன்று, அரிதாகக் கிடைத்ததாலேயே உயர்ந்ததாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு படத்தை வைத்து டான் துயூவை மேதை என்று சொல்ல நான் தயாரில்லை. வெறும் வியாபாரி என்று பழைய நூலை நம்பி இனி யாரும் எழுதிவிட்டுப் போகவும் முடியாது. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவரோடு சண்டைபிடிக்க வேண்டும்.