மருத்துவத்தில் மாதர் நிலை

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது விடுத்த செய்தியைப் புறநானூற்றால் அறிகிறோம். அத்தகடூரே 1965-ஆம் ஆண்டுவரை நம் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த தர்மபுரி. அரசியலில் அரிய பணியாகிய தூதினைப் பெண்ணொருவரிடம் ஒப்புவிக்க அவ்வேந்தன் தயங்கினானல்லன், தகுதியொன்றையே நோக்கினன். அப்பழைய ஜில்லாவின் எல்லைக்குள், சேலத்தில் 1986-ஆம் ஆண்டிலும் நாமக்கல்லில் 2022-ஆம் ஆண்டிலும் அரசாங்க மருத்துவக் கலாசாலைகள் தோன்றின. நம் நாட்டில் மருத்துவம் பயில்வோருள் இன்று ஏறக்குறையப் பாதியினர் பெண்மக்களே. ஆதலின், பெண்கள் மருத்துவம் கற்கலாமோ என்பது இனி வினாவன்று. கற்றபின் எத்துறையிலும் புகவும் எத்தலைமையிலும் அமரவும் அவர்க்கு வழி உண்டோ என்பதே வினா. அவ்வழி இன்னும் முழுதும் திறந்திலது. அதன் காரணம், பெண்களின் மருத்துவக் கல்வி தோன்றிய வரலாற்றிலேயே உளது.

1875-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கலாசாலை நான்கு மாதரை மாணவியராக ஏற்றது. அவருள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், ஆடவரிடம் சிகிச்சை பெற இயலாத இந்நாட்டு மாதரின் துயர் கண்டே அக்கல்வியை நாடினார். திண்டிவனத்தில் ஓரிரவில் பேறுகால உதவி வேண்டி வந்தோர் மூவர், தம் மனைவியரை ஆடவர் தொடலாகாதெனக் கூறி, ஐடா ஸ்கடர் அம்மையாரின் தந்தையாராகிய மருத்துவரை மறுத்து மீண்டனர். மூன்று மாதரும் மாண்டனர். உள்ளம் உருகிய ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1918-ஆம் ஆண்டு வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். இவ்வாறு, பெண்ணுக்குப் பெண்ணே சிகிச்சை செய்தல் வேண்டும் என்னும் தேவையால் வாயில் திறந்தது. அதனாற் பிழைத்த உயிர்கள் எண்ணிறந்தன. ஆயினும், திறந்த அவ்வாயிலே பின்னர் வரம்பும் ஆயிற்று. மகப்பேறும் குழந்தை மருத்துவமும் மாதர்க்குரியன, எலும்பும் இதயமும் மூளையும் ஆடவர்க்குரியன என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

இவ்வெண்ணம் பொய்யென்பதற்குச் சான்று தேடி வேற்றுநாடு செல்ல வேண்டுவதில்லை. டாக்டர் டி. எஸ். கனகா அம்மையார் 1968-ஆம் ஆண்டு சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவத்தில் பட்டம் பெற்று, ஆசியாவின் முதற் பெண் மூளை அறுவை மருத்துவர் எனப் போற்றப்பெற்றார். டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-ஆம் ஆண்டு நேர்ந்த மோட்டார் விபத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தார். நம் கொல்லிமலையில் வளர்ந்த மிஷனரிக் குடும்பத்துப் புதல்வரான டாக்டர் பால் பிராண்டு ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையைப் பயின்று செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்துத் தலைமை தாங்கினார். நிற்கவும் இயலாத ஒருவர் அறுவை செய்தனரெனின், பெண்ணுடல் அறுவைக்கூடத்தின் உழைப்பைத் தாங்காது என்பார் கூற்று எங்ஙனம் நிலைபெறும்?

தலைமையும் இத்தகையதே. வேலூர்க் கலாசாலையின் முதல் இந்தியத் தலைவராக விளங்கியவர் ஹில்டா லாசரஸ் அம்மையார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தை உலகறியச் செய்தவர் டாக்டர் வி. சாந்தா அம்மையார். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 2018-ஆம் ஆண்டு நியமனம் பெற்றவர், தமிழிலும் புலமை மிக்க டாக்டர் சுதா சேஷய்யன் அம்மையார். ஆயினும் இத்தகையோரை நாம் விரல்விட்டு எண்ணுகிறோமே, அதுவே குறை. 'முதற் பெண்' என ஒருவரைப் பாராட்டுதல் தகும். எந்நாளும் அவ்வாறே பாராட்ட நேர்தல் நாணத்தக்கது.

பெண்கள் தாமே அறுவைத் துறைகளை விலக்குகின்றனர், அவரைத் தடுப்பார் யார் எனச் சிலர் வினவுவர். இதில் உண்மை சிறிது உண்டு. ஆனால், மேற்பட்டப் பயிற்சிக்குரிய ஆண்டுகளும், மணமும் மகப்பேறும் நிகழும் ஆண்டுகளும் பெரும்பாலும் ஒன்றே. இரவு பகல் ஓயாத அப்பணிமுறை, அடுப்பையும் தொட்டிலையும் இல்லத்தில் மற்றொருவர் காப்பர் என்னும் துணிவில் வகுக்கப்பட்டது. ஆடவ மருத்துவர்க்கு அம்மற்றொருவர் மனைவி. பெண் மருத்துவர்க்கு யார்? இந்நிலையில் அவர் கொள்ளும் முடிவை விருப்பம் எனல், குறுகிய பாலத்தில் ஒதுங்கி நடப்பவனை ஓரத்தை விரும்புவோன் எனல் போலும்.

ஆதலின், செய்யத்தக்கன சில உள. வைத்தியசாலைதோறும் குழந்தை காப்பகம் அமைதல் வேண்டும். மகப்பேற்றால் இடையறும் பயிற்சியை இழுக்கின்றித் தொடர இடமளித்தல் வேண்டும். நேர்முகத் தேர்வில் மணத்தைப்பற்றிய வினா ஒழிதல் வேண்டும். பேராசிரியரையும் தலைவரையும் தெரிந்தெடுக்கும் குழுக்களில் மாதரும் அமர்தல் வேண்டும். யாவற்றினும் மேலாக, ஆசிரியர் அறுவைக் கத்தியை மாணவனுக்கு நீட்டும் அளவிலேயே மாணவிக்கும் நீட்டுதல் வேண்டும்; கை பழகினாலன்றித் திறம் வாராது.

இது மாதர் நலம் மட்டுமன்று. சங்ககிரிச் சாலையில் லாரி மோதித் தலையுடைந்து நள்ளிரவில் கொணரப்படும் ஒருவன், தன்னைக் காக்கும் கை ஆணுடையதோ பெண்ணுடையதோ எனக் கேளான்; தேர்ந்த கையையே வேண்டுவான். அத்தேர்ந்த கைகளிற் பாதியை நாம் வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டால் இழப்பு அவனுடையது. தன் தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியனை அவன் எஜமான் கடிந்த உவமையை நாம் அறிவோம். பிறருடைய தாலந்தைப் புதைக்கும் சமூகம் என்ன விடை கூறும்? பெண்ணொருவர் நிறுவிய வேலூரைத் தமதெனப் பெருமை பாராட்டும் மிஷன் கலாசாலைகளே இக்கடமையில் முன்னிற்பனவாக!