கைவினையும் கட்டுரைக் கல்வியும்

கட்டுரைப் பயிற்சி என்றவுடன் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று பெட்டிகளை மாணவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அவற்றுள் அவர்கள் இடுவன யாவும் பிறர் சொன்னவையே. புனைவு கலவாத படைப்புரையைக் கற்பிக்க விழைவோர், மாணவரை முதலில் ஒரு கைவினைஞர் முன் அமர்த்த வேண்டும் என்பது நம் கருத்து.

நெல்லை மாவட்டத்துப் பத்தமடையையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழிக்கின்றனர். பருத்தி நூற்பாவில் அவ்விழையைக் கோத்து நெய்கின்றனர். மணமக்கள் பெயர்களையும் பாயில் நெய்து தருவதுண்டு. இதனைத் தலைமுறைகளாகச் செய்துவருவோர் பெரும்பாலும் முஸ்லிம் பெண்டிர். பாயைப் புகழ்ந்து எழுத எவராலும் இயலும். ஈரம் மிகுந்தால் இழை என்னாகும், கை எவ்விடத்தில் தயங்குகிறது என்பனவற்றை அருகிருந்து கண்டவரே எழுத இயலும். இல்லாததைச் சேர்த்தலாகாது, உள்ளவற்றுள் எதைக் கொள்வது என்பதிலேதான் படைப்பு.

1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ இதற்குத் தக்க பாடநூல். (தேர்வுக்கு உரிய நான்கு பக்கங்களோடு நிறுத்திவிடலாகாது!)

பாய் நெய்வோர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று கல்லூரிக்கு வருகின்றனர். தாயின் தொழிலை எழுதத் தகாத பொருளென அவர்கள் கருதும்படி நாம் கற்பித்துவிட்டோமோ என அஞ்சுகிறோம். தாய்க்கு வாய்மொழியாய் வந்த தொழிற்சொற்கள் மகளிடத்து வாராமலே போகின்றன.

இத்தகைய கட்டுரைக்கு மதிப்பெண் இடுவது எவ்வாறு என ஆசிரியர் வினவக்கூடும். மாணவி அதனை முதலில் நெய்பவருக்குப் படித்துக்காட்டட்டும். அவர் பிழையெனச் சுட்டியவற்றைத் திருத்திய பின்னரே நம் சிவப்பு மை அதில் படுதல் வேண்டும்.