பரீட்சை மையம் மக்களிடம் வரட்டும்!

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைப் பற்றிப் பேசுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இந்த ஊர்க் கல்வெட்டைப் புகழ்ந்தார். புகழட்டும். ஆனால் கல்வெட்டை முழுவதும் படிக்க வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921ல் பொறித்தது அது. குடத்தில் ஒருவர் பெயர் விழ வேண்டுமானால் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அங்கே ஓலை இல்லை.

ஆயிரத்து நூறு வருஷங்கள் ஓடிவிட்டன. 1950ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம், பத்தே ஆண்டுகளில் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்றது. அதற்கான உரிமைச் சட்டம் அமுலுக்கு வந்ததோ 2010 ஏப்ரலில்! இடையில் பள்ளியை விட்டு வயலுக்கும் கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் யார்? விவசாயத் தொழிலாளரின் பிள்ளைகள், தாழ்த்தப்பட்ட மக்கள், இருளர்கள்.

இவர்களில் பலர் இன்று தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத விரும்புகிறார்கள். ஆசை நியாயமானது. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு மனுப்போடவே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டுமே!

ஆனால் வழி எப்படி இருக்கிறது? விண்ணப்பத்தைப் பதிய அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். முதன் முறை எழுதுபவர், குறிப்பிட்ட பள்ளியில் பெயர் பதிந்து அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் போய்வர வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் செய்முறைத் தேர்வு இல்லை. பிறகு ஐந்து பாடங்களுக்கு ஐந்து நாள் பரீட்சை. எந்த ஊரில் எழுதுவது என்பது அனுமதிச் சீட்டு வந்த பிறகுதான் தெரியும். மையம் காஞ்சிபுரத்தில் விழுந்தால், சாலவாக்கத்துப் பெண் முதலில் உத்திரமேரூர் வந்து, அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. காலை பத்து மணிப் பரீட்சைக்கு ஒரு பஸ் தவறினால் ஒரு வருஷ உழைப்பு வீண். பஸ் செலவோடு போகிறதா? ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது லீவு. தினக்கூலிக்கு இது அடுப்பு எரியாத நாள்.

மையங்களைப் பெருக்கினால் செலவு கூடும், முறைகேடு பெருகும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பள்ளி மாணவர்களுக்காகக் கிராமப்புற மேல்நிலைப் பள்ளிகளில் மையம் போடவில்லையா? வினாத்தாளும் கண்காணிப்பாளரும் போலீசும் அங்கே வந்து சேரவில்லையா? பக்கத்து அறையில் தனித்தேர்வரை உட்கார வைப்பதற்கு என்ன பெரிய செலவு? மனமிருந்தால் என்ன செய்யலாம் என்பதைக் கேரளம் காட்டியது. 2019ல், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில், 105 வயதான பாகீரதி அம்மா நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வைக் கொல்லத்தில் தம் வீட்டிலிருந்தே எழுதினார், தேறினார். அங்கே பரீட்சை மக்களைத் தேடி வந்தது.

எனவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு தாலுகாவிலும் தனித்தேர்வருக்கு ஒரு மையம் வேண்டும். விண்ணப்பப் பதிவும் செய்முறைப் பயிற்சியும் அதே ஊரில் நடக்க வேண்டும். பயிற்சி விடுமுறை நாட்களில் இருக்க வேண்டும். மையம் எது என்பதை விண்ணப்பிக்கும்போதே சொல்ல வேண்டும். பரீட்சை நாட்களில் காலை பஸ் தவறாமல் ஓட வேண்டும்.

சர்க்கார் தானாக இறங்கி வராது. வாலிபர், மாதர், விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் மானாம்பதி முதல் சாலவாக்கம் வரை வீடு வீடாகச் செல்ல வேண்டும். பரீட்சை எழுத விரும்புவோர் பட்டியலைத் தயாரித்து, அவர்களையும் அழைத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். குடத்தில் ஓலை மறுக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்குப் பரீட்சை மண்டபத்தில் இடம் மறுக்கப்படுவதை இனியும் பொறுக்க முடியாது.