இடிப்பதா வீரம்?

"நட்சத்திர ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கினால் போதுமா, ஐயா? எதிராளியை நாலு இடி இடித்துக் காட்ட வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் பேசியது நாம் அறிந்த புல்தரை ஹாக்கியைப் பற்றி அல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் ஆடுகிறார்களே, அந்த ஹாக்கியைப் பற்றி. அங்கே பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வில்லை. அதை வைத்திருப்பவனைத் தோளால் மோதித் தள்ளுவது அங்கே குற்றமல்ல. ஆகையால் நண்பரின் கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு அவரே வைத்திருந்த பதிலில்தான் நியாயம் இல்லை என்பது என் கட்சி.

வேய்ன் கிரெட்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 முதல் 1999 வரை தேசிய ஹாக்கி லீக்கில் ஆடி 894 கோல் போட்டவர். ஒல்லியான தேகம். யாரையும் இடிக்கத் தேடிப் போனவரல்ல. கோல் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, பக் அடுத்து எங்கே வரும் என்று கணக்குப் போட்டவர். அவரைக் கோழை என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா? அவரைத் தொட்டவனைக் கேட்பதற்கு டேவ் செமென்கோ என்ற முரட்டு ஆசாமி பக்கத்தில் இருந்தார் என்பீர்கள். வாஸ்தவந்தான். அரண்மனைக்குக் காவல்காரன் இருப்பது அரசனுக்கு இழிவா?

ஸ்வீடன் தேசத்துப் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் வேறு ரகம். இடிக்க வருகிறவனைத் தாமே முந்திக்கொண்டு இடிப்பார். கூட்டம் ஆரவாரம் செய்யும். 2001-ல் அவருடைய மண்ணீரலை அறுத்து எடுக்க வேண்டி வந்தது. அடுத்த பருவத்தின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அவருடைய எல்லா உபாதைக்கும் இடிதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாதத்திலேயே அவருக்குக் கோளாறு இருந்தது. ஆனால் கோளாறுள்ள உடம்பை இன்னும் அதிகமாக அல்லவா காப்பாற்ற வேண்டும்? கடைசியில் அவர் ஆடியது 708 ஆட்டம். கிரெட்ஸ்கி ஆடியதோ 1,487.

நண்பர் உடனே ஓவெச்கினைக் கொண்டுவந்து நிறுத்தினார். ரஷ்யரான அவர் இருபது வருஷமாக இடித்துக்கொண்டே ஆடி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி 895-ஆவது கோலைப் போட்டுக் கிரெட்ஸ்கியை மிஞ்சினார். ஒப்புக்கொள்கிறேன். கோர்டி ஹோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950-ல் மண்டை உடைந்து, சிகிச்சையில் பிழைத்து, 52 வயது வரை ஆடிய மனிதர் அவர். ஆனால், தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்த தாத்தா ஊருக்கு ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அதற்காகப் பேரனுக்குச் சுருட்டு வாங்கிக் கொடுப்பதா?

"இடிக்காமல் இருந்தால் மட்டும் ஆபத்து விலகிவிடுமோ?" என்றார் நண்பர். விலகாது. சிட்னி கிராஸ்பி 2011 ஜனவரி முதல் வாரத்திலேயே இரண்டு மோதல்களில் சிக்கினார். இரண்டும் அவர் தேடிப் போனவையல்ல. மூளை அதிர்ந்து, பத்து மாதத்துக்கு மேல் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். நவம்பரில் திரும்பியவர், எட்டே ஆட்டத்தில் மறுபடியும் ஒதுங்க நேர்ந்தது. தேடாமலே இத்தனை வரும் என்றால், தேடிக்கொண்டு வேறு போவானேன்?

நான் கோழைத்தனத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. மூலையில் பக் கிடந்தால், இடி விழும் என்று தெரிந்தும் எடுக்கப் போகத்தான் வேண்டும். அது தொழில், அதில் வீரமும் இருக்கிறது. பக் கைமாறிப் போன பிறகும், கைதட்டலுக்காக ஒருவனைச் சுவரோடு சாத்துவது வெறும் ஜம்பம். அந்த ஜம்பத்தை நட்சத்திரத்திடம் கேட்டு வாங்குகிறவர்கள் யார்? காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாம்தான். ஆட்டம் முடிந்ததும் நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறோம். விளக்கு வெளிச்சங்கூடப் பொறுக்காமல் இருட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவன் அவன். அவனுடைய வீரத்தை அளப்பதற்கு முன்னால் நம்முடைய கைதட்டலைக் கொஞ்சம் அளந்து பார்ப்பது நல்லது.