50 வயதானால் சலுகை, 30 வயதென்றால் சுமை: பழைய கார்களின் தகுதியை எது தீர்மானிக்கிறது?

புது தில்லி: நாற்பத்தைந்து வயதான இறக்குமதிக் கார் ஒன்றின் பதிவைப் புதுப்பிக்க இன்று 80,000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதனை, மீண்டும் கட்டணம். அதே கார் 50 வயதைக் கடந்து ‘விண்டேஜ்’ வாகனம் என்ற தகுதியைப் பெற்றுவிட்டால், 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுகள் செல்லுபடியாகும் பதிவுச் சான்று கிடைக்கிறது. அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய் போதும். இடைப்பட்ட காலத்தில் காரின் பிரேக்கோ சேசிஸோ மேம்பட்டுவிடவில்லை. வயது மட்டுமே கூடியிருக்கிறது.

இந்த முரண்பாடு இரு வேறு கொள்கைகளின் விளைவு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கென முதன்முறையாகத் தனி விதிகளை அறிவிக்கை செய்தது. முதல் விற்பனையிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதற்குத் தகுதி பெற்றன. பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அனுமதி இல்லை. விண்ணப்பித்த வாகனத்தை மாநில அரசு அமைக்கும் குழு நேரில் ஆராய்ந்து ஒப்புதல் அளிக்க வேண்டும்.

மறுபுறம், பழைய வாகனங்களைச் சாலையிலிருந்து விலக்கும் நோக்கில் கட்டணங்கள் படிப்படியாக உயர்த்தப்பட்டன. 15 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் வெளியான அறிவிக்கை, 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு அதை 10,000 ரூபாயாகவும், இறக்குமதிக் கார்களுக்கு 80,000 ரூபாயாகவும் நிர்ணயித்தது. பிரீமியர் பத்மினி, கான்டெஸா, ஆரம்பகால மாருதி 800 ஆகியவற்றைப் பேணுவோரில் பெரும்பாலோர் இந்தச் சுமைக்கு உட்பட்டவர்கள். அரண்மனைக் கொட்டகையில் நிற்கும் ரோல்ஸ் ராய்ஸுக்குக் கிடைக்கும் தயவு, நடுத்தரக் குடும்பத்தின் பத்மினிக்குக் கிடைப்பதில்லை.

பழைய கார் என்றாலே சோதனையில் தோற்கும் என்ற அனுமானத்தின் மீதே கட்டண உயர்வு நிற்கிறது. அந்த அனுமானம் எந்த அளவுக்குச் சரி என்பதற்குப் பிரிட்டனின் அனுபவம் ஒரு விடை தருகிறது. அங்கு ‘எம்.ஓ.டி.’ எனப்படும் சாலைத் தகுதிச் சோதனை 1960-இல் தொடங்கப்பட்டது. மூன்று வயதைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் அதற்கு உட்பட வேண்டும். 2009-ஆம் ஆண்டுக்கான அந்நாட்டு அரசின் கணக்குப்படி, 1960-க்கு முன் தயாரான வாகனங்களில் முதல் முயற்சியில் தோற்றவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்குப் பிந்தைய வாகனங்களில் தோற்றவை 30 விழுக்காட்டுக்கும் மேல். உரிமம் பெற்ற வாகனங்களில் 0.6 விழுக்காடாக இருந்த அந்தப் பழைய வண்டிகள், சாலை விபத்துகளில் வெறும் 0.03 விழுக்காட்டில் மட்டுமே தொடர்புடையவையாக இருந்தன.

இதைக் கொண்டு பழைய பொறியியல் புதியதைவிடப் பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்த வாகனங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுக்கு 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. மழையில் நனைவதில்லை. உரிமையாளர் சோதனைக்கு முதல் வாரமே கிரீஸ் வைத்து, விளக்குகளைச் சரிபார்த்து, டயரில் காற்றளந்து கொண்டுபோகிறார். அலுவலகத்துக்கு நாள்தோறும் ஓடும் எட்டு வயதுக் காருக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. பழைய வாகனம் அதன் காலத்து அளவுகோலால் மதிப்பிடப்படுவதும் ஒரு காரணம். இந்தியாவிலும் அப்படித்தான்: பி.எஸ்.-2 தரத்துக்கு முந்தைய பெட்ரோல் காரின் புகையில் 3 விழுக்காடு வரை கார்பன் மோனாக்சைடு இருக்கலாம்; அந்தத் தரத்துடன் வந்தவற்றுக்கு 0.5 விழுக்காடே வரம்பு. முன்னிருக்கைகளுக்கு இருக்கைப் பட்டை கட்டாயமானது 1994 மார்ச்சில்தான் என்பதால், அதற்கு முன் தயாரானவற்றில் அது இல்லாதது குறையாகாது.

ஆனால், குறைவாக ஓடுவதே ஒரு நோய்க்கும் வித்தாகிறது. மாதக்கணக்கில் நிற்கும் காரில் பிரேக் வீல் சிலிண்டர் இறுகிப்போகிறது. ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கின்றன. டயரின் பட்டன் தேயாமலே பக்கவாட்டில் விரிசல் விடுகிறது. 1960-களின் கார்கள் பலவற்றில் பிரேக் எண்ணெய்க்கு ஒற்றைச் சுற்றுக் குழாயமைப்பே உண்டு. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிடி தளரும். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவலாகிவிட்ட நிலையில், சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய அரசே கூறியுள்ளது. விண்டேஜ் பதிவுக்காக ஒருமுறை ஆராய்ந்துவிட்டுப் பத்தாண்டுச் சான்று வழங்குவது பொருத்தமற்றது என்பதற்கு இவையே போதிய காரணங்கள். எஞ்சின் அசலானதா என்பதில் அக்குழு காட்டும் அக்கறையில் பாதியையேனும் பிரேக் குழாய்களின் மீது காட்டினால் நன்று.

பிரிட்டன் தன் புள்ளிவிவரத்தை வைத்து எதிர்த்திசையில் சென்றது. 2012 நவம்பரில் 1960-க்கு முந்தைய வாகனங்களுக்கும், 2018 மே மாதத்தில் 40 வயதைக் கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கும் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வண்டியைத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. விரும்பினால் தாமே சோதனைக்குக் கொண்டுவரலாம். இந்த விலக்கில் கவனிக்கப்படாத இழப்பு ஒன்று உண்டு. சோதனையே இல்லாதபோது, அந்த வாகனங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற கணக்கும் மறைந்துவிடுகிறது. விலக்குக்கு ஆதாரமான 10 விழுக்காடு என்ற எண், சோதனை நடந்ததால் கிடைத்த எண்.

ஜெர்மனியின் வழி வேறு. 30 வயதைக் கடந்து, அசல் தன்மை கெடாத கார்களுக்கு 1997 முதல் ‘எச்’ என்ற எழுத்துடன் பதிவெண் வழங்கப்படுகிறது. வரிச் சலுகை உண்டு. ஆனால் மற்றக் கார்களைப் போலவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனையும் உண்டு. பிரான்ஸில் சேகரிப்பு வாகனம் எனப் பதிவானவற்றுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு சோதனை. மதிப்பையும் தகுதியையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாத ஏற்பாடுகள் இவை. இந்தியாவுக்கு ஜெர்மனியின் முறையே கூடுதலாகப் பொருந்தும்.

இந்தியாவில் இந்தக் குழப்பம் மிக வெளிப்படையாகத் தெரிவது தேசியத் தலைநகர்ப் பகுதியில். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் அங்கு விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டுமே காரணமாக்கிக் கட்டாய நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்த அதே நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தில்லியின் காற்று இருக்கும் நிலையில் அந்தக் கவலை புரிந்துகொள்ளத் தக்கதே. எனினும், ஆண்டுக்கு 500 கிலோமீட்டர் ஓடும் பத்மினியும் நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் பழைய டீசல் வண்டியும் இந்தப் பகுப்பில் ஒரே வரிசையில் நிற்கின்றன. எவ்வளவு ஓடுகிறது என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் எடை பெறுவதில்லை.

வாகனங்களை இயந்திரங்களைக் கொண்டு சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வெளியாயின. பிரேக்கின் விசையையும் புகையின் அளவையும் அதிகாரியின் கண்ணுக்கு மாற்றாகக் கருவி அளக்கும்போது, வயதை வைத்து ஊகிக்க வேண்டிய தேவை குறைகிறது. அத்தகைய நிலையத்தில் தேறிய 30 வயதுக் காரிடம் இத்தனை பெரிய கட்டணம் கேட்பதற்கு என்ன நியாயம் என்பதை அமைச்சகம் விளக்க வேண்டியிருக்கும்.

1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800 கார்களில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை 2033 டிசம்பரில்தான் விண்டேஜ் தகுதியை எட்டும். உரிய காலத்தில் தவறாமல் புதுப்பிக்கப்பட்டு வந்திருந்தால், அதற்கு முன் 2028-இல் மேலும் ஒருமுறை சோதனையில் தேறி 10,000 ரூபாய் செலுத்த வேண்டும்.