சி.வி.யைக் குறை சொல்பவருக்கு என்ன பதில்?

சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். மலையக வாசகர்களுக்கு அவர் சொந்த வீட்டு எழுத்தாளர். அவருடைய நாவல்களை யாராவது 'வெறும் பிரசாரம், தொழிற்சங்க அறிக்கை' என்று ஒதுக்கினால் நமக்கு மனம் கொதிக்கிறது. கோபம் நியாயமானதே. ஆனால் அந்த ஒரு வசைக்குள் மூன்று வெவ்வேறு பேச்சுகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது விளங்கும்.

முதலாவது, எழுத்து நேர்த்தி பற்றியது. பாத்திரங்கள் நீளப் பேசுகின்றன, முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்று ஒருவர் பக்கம் காட்டிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்போம். உண்மையாக இருந்தால் ஒப்புக்கொள்வோம். அதனால் சி.வி. சிறுத்துவிட மாட்டார்.

இரண்டாவது, தோட்ட வாழ்க்கை தெரியாமல் சொல்லப்படும் தீர்ப்பு. சங்கம் தொடங்கியவன் வீடு இழந்து அலைவது, சி.வி.யின் 'வீடற்றவன்' நாவலை வெளியிலிருந்து படிப்பவருக்கு மிகையாகப் படலாம். லயத்துக் காம்பரா வேலையோடு பிணைந்தது என்பது நமக்குத் தெரியும். தோட்டத் துரை பற்றுச்சீட்டு (வேலைநீக்கச் சீட்டு) கொடுத்தால் வேலை போகும்; அதோடு கூரையும் போகும். சி.வி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. அவரைத் தெரிவுசெய்த மக்களே வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் கதையில் அரசியல் அடுப்படி வரை வரத்தான் செய்யும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது நம் கடமை.

மூன்றாவது, ஏளனம். அதற்குப் பழைய சான்று உண்டு. 1960களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து மரபுவாதப் பண்டிதர்கள் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோரின் எழுத்தை 'இழிசனர் இலக்கியம்' என்று இகழ்ந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சுமொழி ஏடேறியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் மரபு என்றால் என்ன என்று அடிப்படையிலிருந்தே வாதாடினார்கள். எழுத்தாளர்களோ எழுத்தை நிறுத்தவில்லை. ஜீவா 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. இன்றும் அந்த நாவல் படிக்கப்படுகிறது.

ஆகவே அடுத்த முறை யாராவது சி.வி.யைத் தூற்றினால், எந்த நாவலில், எந்த இடத்தில் என்று கேளுங்கள். இடத்தைக் காட்டுபவரோடு விவாதிக்கலாம். காட்ட முடியாதவரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை, அந்த நாவலைப் படித்தவருக்கு மட்டுமே உண்டு. சி.வி.யின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு அவருக்காகச் சண்டை போடுபவரும், படிக்காமல் அவரைப் பழிப்பவரும் அவருக்குச் செய்வது ஒரே அநீதிதான்.